இரண்டாம் நம்பர் நேரான நாள்

அந்த பெஞ்சில் உட்காராதீர்கள், அதற்கு ஒரு கால் குட்டை. இப்படி வாருங்கள். நான் எப்படியும் நின்றுகொண்டுதான் இருப்பேன், இன்றைக்கு என்னால் உட்கார முடியவில்லை. ஒன்பது மணிக்கு வரச்சொன்னார்கள். எட்டரைக்கே வந்துவிட்டேன். இப்போது மணி என்ன? பதினொன்று இருபதா. சரி. இந்த வராந்தாவில் எத்தனை ஓடு என்று கேளுங்கள், சொல்கிறேன். நீளவாக்கில் நாற்பத்தாறு.

மடியில் விடைத்தாள் கட்டு. டீச்சரா? என்ன பாடம்? சமூக அறிவியல். நல்லது. நீங்கள் பாட்டுக்குத் திருத்துங்கள், நான் பாட்டுக்குப் பேசுகிறேன். வீட்டுக்காரருடைய கப்பல் சர்டிபிகேட் விஷயமா? அதற்கு மூன்றாவது கதவு. பன்னிரண்டுக்கு முன்னால் கூப்பிட மாட்டார்கள். எனக்கு இந்த முதல் கதவு. உள்ளே ஒருவன் இருக்கிறான், பத்து மணிக்குப் போனவன். அவன் வெளியே வந்ததும் நான். கிளீட்டஸ் என்று பெயர். வேம்பார்ப் பையன். பையன் என்றால் முப்பத்தோரு வயசு, எனக்கு அது பையன்தானே.

அவனுடைய எஞ்சினியர் சர்டிபிகேட்டைப் பிடுங்குவதா வேண்டாமா என்றுதான் உள்ளே விசாரணை. அது நான் சொல்லப்போகிற ஒரே ஒரு பதிலில் தொங்குகிறது என்கிறார்கள். "சேர்மத்துரை, வயரை மாற்றிய விஷயத்தை நீ அவனிடம் சொன்னாயா, இல்லையா?" இவ்வளவுதான் கேள்வி.

சொன்னேன் டீச்சர். சொல்லாமல் இருப்பேனா?

முதலிலிருந்து வருகிறேன். நான் கப்பலில் எலக்ட்ரீஷியன். சொந்த ஊர் ஏரல். இருபத்தேழு வருஷ சர்வீஸ். நம் நாட்டுக் கப்பல்களில் ஒவ்வொருவருக்கும் இந்தியில் ஒரு பட்டம் உண்டு, எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அந்தப் பட்டம்தான். சீஃப் எஞ்சினியர் படா சாப். மூன்றாவது எஞ்சினியர் தீன் சாப், அதாவது இந்தக் கிளீட்டஸ். நான் பத்தி சாப். பத்தி என்றால் அவர்கள் பாஷையில் விளக்கு. விளக்கு போடுகிறவன் என்று அர்த்தம். இருபத்தேழு வருஷமாக விளக்கு மட்டுமா போட்டுக்கொண்டிருக்கிறேன்? சரி, அதை விடுங்கள்.

கப்பல் பெயர் சித்ராங்கி. ஒடிசாவிலிருந்து நம் பக்கம் நிலக்கரி கொண்டுவருவது. பழைய கப்பல், ஆனால் நல்ல கப்பல். கடலுக்குள் போய்விட்டால் யார் கரண்டு தருவார்கள்? நாங்களே செய்துகொள்ள வேண்டும். அதற்கு மூன்று ஜெனரேட்டர், மூன்று டீசல் எஞ்சின். ஒவ்வொரு எஞ்சினின் இடுப்பிலும் ஒரு பெட்டி, பெரிய குக்கர் அளவுக்கு இருக்கும். அதற்குப் பெயர் கவர்னர். கவர்னர் என்றதும் மாளிகையும் துப்பாக்கிக் காவலும் நினைக்காதீர்கள், எண்ணெய் வழிகிற பெட்டி. ஆனால் வேலை பெரிது. சுமை கூடினாலும் குறைந்தாலும் எஞ்சினின் வேகம் மாறாமல் அதுதான் பார்த்துக்கொள்ளும். அதன் தலையில் கைமுட்டி அளவுக்கு ஒரு குட்டி மோட்டார். அந்த மோட்டாரிலிருந்து வயர் கிளம்பி இரண்டு தளம் ஏறி, ஏ.சி. போட்ட கண்ட்ரோல் ரூமில் ஒரு சுவிட்சுக்கு வரும். சுவிட்சை வலப்பக்கம் திருப்பினால் கீழே வேகம் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். கீழே காது செவிடாகிற சத்தத்தில் ஓடுகிற எஞ்சினை மேலே ஒருவன் இரண்டு விரலில் ஆட்டிவைக்கலாம். அந்த வயர், அந்தக் குட்டி மோட்டார், அந்த சுவிட்ச், எல்லாம் என் கணக்கில் வருகிற சாமான்.

ஒரு நிமிஷம். கதவு அசைந்த மாதிரி இருந்தது. இல்லை, பியூன்.

எங்கே விட்டேன்? துறைமுகத்துக்குள் நுழையும்போது ஒரு ஜெனரேட்டரை நம்பிப் போகக்கூடாது, இரண்டைச் சேர்த்து ஓட்டுவது வழக்கம். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், இரண்டாவதைக் கிளப்பி அதோடு சேர்க்க வேண்டும். இரண்டு பேர் பீரோவைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் ஒத்துப்போக வேண்டும், பிறகு கனத்தைப் பங்குபோட வேண்டும். கால் ஒத்துப்போகிறதா என்று காட்டக் கடிகாரம் போல ஒரு மீட்டர் உண்டு. அதன் முள் மெதுவாகச் சுற்றிப் பன்னிரண்டுக்கு வரும்போது பிரேக்கர் என்கிற பெரிய சுவிட்சைப் போட்டால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் கனம். இடது கையால் பழைய எஞ்சினின் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள், வலது கையால் புது எஞ்சினைக் கொஞ்சம் கூட்டுவார்கள். கனம் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு நகரும். பத்து வினாடி வேலை. பழகினவன் பேசிக்கொண்டே செய்வான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சித்ராங்கியில் இரண்டாம் நம்பர் ஜெனரேட்டர் தலைகீழ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கப்பலை ரிப்பேருக்காகக் கரையேற்றியபோது எவனோ ஒரு ஒர்க்‌ஷாப்காரன் அந்தக் குட்டி மோட்டாரைப் புதிதாக மாட்டி, வயரை இடம் மாற்றி முடுக்கிவிட்டுப் போயிருக்கிறான். கூட்டு என்றால் குறையும், குறை என்றால் கூடும். பத்து நிமிஷத்தில் சரி செய்கிற வேலை. இரண்டு வருஷமாக ஒருவரும் தொடவில்லை. சுவிட்சுக்கு மேலே ஒரு சிவப்பு டேப் ஒட்டி 'உல்டா' என்று எழுதிவைத்திருந்தார்கள். புதிதாக வருகிற எஞ்சினியருக்கு முதல் வாட்சிலேயே, அதாவது முதல் டியூட்டியிலேயே, சொல்லிக்கொடுப்பார்கள்: ஒன்று நேர், மூன்று நேர், இரண்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றுதான் அதற்குப் பெயர். இடப்பக்கம் போ என்றால் வலப்பக்கம் போவார், அவருக்கு எதிர்த்துச் சொன்னால்தான் காரியம் நடக்கும்.

சிரிக்கிறீர்கள். அங்கேயும் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. கப்பலில் கால் வைத்த அன்றே படா சாப்பிடம் போனேன். குருவிளா சார், கோட்டயத்துக்காரர். சார், இது வெட்கக்கேடு, நான் நேராக்கிவிடுகிறேன் என்றேன். அவர் சாயாவை ஊதிக்கொண்டே, எல்லாருடைய கையும் அதற்குப் பழகிவிட்டது, இப்போது மாற்றினால் எந்தக் கையாவது மறந்துபோகும், அடுத்த முறை கரையேற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். பயந்த மனுஷன்.

நான் விட்டுவிட்டேன். உண்மையாகவே விட்டுவிட்டேன். அந்தக் கிரைண்டர் விஷயம் நடக்காமல் இருந்தால் அப்படியே விட்டிருப்பேன்.

கிரைண்டரையும் சொல்லிவிடுகிறேன். கப்பலில் எங்கேயாவது கரண்டு இரும்பில் கசிந்தால் போர்டில் ஒரு விளக்கு எரியும். இரண்டு வாரமாக அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு லைனாக, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்க்கிறேன். தளத்தில் வெயிலில் மண்டை காய்கிறது. கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் இந்தக் கிளீட்டஸ் அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனவன், சமையல்காரர் மாவரைக்கிற கிரைண்டரின் பிளக்கைச் சும்மா பிடுங்கியிருக்கிறான். விளக்கு அணைந்துவிட்டது. கிரைண்டருக்குள் தண்ணீர். அவன் அதைச் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் வந்து சொன்னான். கெட்டதாகச் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். "அண்ணாச்சி, நீங்க கப்பல் பூரா தேடுனிய, சாமான் இட்லிக்குள்ள கெடந்துருக்கு." அவ்வளவுதான் சொன்னான். ஆனால் மேஜை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து ஒரு வாரம் நான் பத்தி சாப் இல்லை, கிரைண்டர் சாப்.

எனக்கு அவன் மேல் வருத்தம் ஒன்றும் கிடையாது. பேசுவதை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். வருத்தம் வேறு, பேசாமல் இருப்பது வேறு. பதினோரு நாள். வேலை ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் கண்ட்ரோல் ரூமில் வெள்ளைப் பலகை இருக்கிறது, அதில் எழுதிவைப்பேன். அவனும் எழுதிவைப்பான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, என் கேபின் வாசலில் வந்து நின்று, அண்ணாச்சி, என் ஃபேன் சத்தம் போடுது, ஒரு நேரம் பாருங்க என்றான். போனேன். நாற்காலியைப் போட்டு ஏறிக் கால் மணி நேரம் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. மேஜையில் இரண்டு கப் டீ ஆறிக்கொண்டிருந்தது. வேலையே இல்லாமல் நாற்காலியில் ஏற்றியிருக்கிறான் பாருங்கள், இறங்கி வந்துவிட்டேன்.

இந்தக் குழாயில் தண்ணீர் நல்ல தண்ணீர்தானா? குடித்துவிட்டு, பாட்டிலிலும் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

ஆ. வெந்நீர் மாதிரி இருக்கிறது.

அன்றைக்குத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே போக உத்தரவு. காலையில் இரண்டாம் நம்பர் நின்றுகொண்டிருந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. எட்டரைக்கு ஆரம்பித்தேன். வயரைக் கழற்றி, இடம் மாற்றி, முடுக்கிவிட்டேன். அப்புறம் சோதித்துப் பார்க்க வேண்டுமே? மேலே சுவிட்சைத் திருப்ப ஒரு ஆள், கீழே மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். நான் யாரையும் கூப்பிடவில்லை. மேலே போய் ஒரு துளி திருப்புவேன், கீழே ஓடிவந்து அந்த மோட்டார் திருப்புகிற வேகக் குமிழ் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஏழு தடவை ஏறி இறங்கினேன் டீச்சர், ஐம்பத்திரண்டு வயசில். கடைசியில் குமிழைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினேன். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் இரண்டாம் நம்பர் நேராகிவிட்டது. அந்தச் சிவப்பு டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பாதி வந்தது, பாதி பசை நின்றுவிட்டது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

சொன்னேனா என்றால், முதலில் படா சாப்பிடம் சொன்னேன். அவர் கம்பெனியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். சார், ரெண்டாம் நம்பர் முடிஞ்சது என்றேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவருக்குப் புரியவில்லை என்று இப்போது சொல்கிறார். புரியாமல் எதற்குக் கட்டைவிரலைத் தூக்க வேண்டும்? அப்புறம் பலகையில் எழுதினேன். 'நம்பர் 2 ஓகே.' பெரிய எழுத்தில்.

ஆமாம், அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு மேல் என்ன எழுத? இரண்டு வருஷமாகக் கோணலாக இருந்தது ஓகே ஆகிவிட்டது என்றால், எது ஓகே ஆனது என்று ஒரு எஞ்சினியருக்குத் தெரியாதா? டேப் வேறு இல்லை. டேப் இல்லாததே ஒரு சேதி இல்லையா?

நீங்கள் கேட்கிற மாதிரி பார்க்கிறீர்கள். கேளுங்கள். வாயால் சொன்னேனா? டீச்சர், அவன் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வாட்ச். இரவு வாட்ச் முடிந்து காலையில் தூங்குவான். கப்பலில் தூங்குகிறவனை எழுப்புவது பாவம். பதினொன்றரைக்குச் சாப்பாட்டு அறையில் இருந்தான், அது உண்மை. எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். சாப்பிடும்போது வேலைப்பேச்சு எனக்குப் பிடிக்காது. என்றைக்குமே பிடிக்காது.

பலகையை அவன் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பன்னிரண்டுக்கு வந்ததும் பார்த்திருக்க வேண்டும். பார்த்தேன், ரிப்பேர் ஏதோ முடிந்தது என்று நினைத்தேன் என்கிறானாம். இரண்டு மணிக்குப் பலகையைத் துடைத்தாகிவிட்டது. துறைமுகத்துக்குள் போகிற நேரம், யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று படா சாப் எழுத வேண்டும், இடம் வேண்டும். யார் துடைத்தது? நான்தான் துடைத்துக்கொடுத்தேன். சீஃப் துணியை நீட்டினால் வாங்காமல் இருக்க முடியுமா? உங்கள் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் டஸ்டரை நீட்டினால் நீங்கள் வாங்க மாட்டீர்களா?

மணி பார்த்துச் சொல்லுங்கள். இன்னும் அவன் வரவில்லையே. ஒன்றரை மணி நேரமாக என்னதான் கேட்கிறார்கள்?

மூன்று மணி. துறைமுகத்திலிருந்து வழிகாட்ட வருகிற பைலட் ஏறியாகிவிட்டது. கப்பல் வாய்க்காலுக்குள் நுழைகிறது. வாய்க்கால் என்றால் கடலுக்குள்ளேயே ஆழமாக வெட்டிய பாதை, இரண்டு பக்கமும் மிதவை கட்டியிருக்கும், தாண்டினால் சேறு. ஒன்றாம் நம்பர் கரண்டு கொடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாம் நம்பரைச் சேர்க்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு. கிளீட்டஸ் போர்டு முன்னால் போய் நின்றான். எஞ்சினைக் கிளப்பினான். அவனுக்கு ஒரு பழக்கம், நிற்கும்போது இடது காலை வலது கால் மேல் தேய்த்துக்கொண்டே இருப்பான். மீட்டர் முள் சுற்ற ஆரம்பித்தது. சாதாரணமாக அந்த நேரத்தில் சுவிட்சைத் தொட்டு வேகத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அன்றைக்குத் தொடவே வேண்டியிருக்கவில்லை. முள் தானாகவே நடந்து வந்த மாதிரி மெல்ல மெல்லப் பன்னிரண்டுக்கு வந்தது. பிரேக்கரைப் போட்டான். சேர்ந்தது. என்ன சுத்தமாகச் சேர்ந்தது தெரியுமா. விளக்கு ஒரு இமை கொட்டவில்லை.

அப்புறம் கனம் மாற்றுவது. இரண்டு கையையும் இரண்டு சுவிட்சில் வைத்தான். ஒன்றாம் நம்பரை இடப்பக்கம் திருப்ப வேண்டும், குறைக்க. இரண்டாம் நம்பர் மாப்பிள்ளை ஆயிற்றே, கூட்ட வேண்டும் என்றால் அதையும் இடப்பக்கம்தான் திருப்ப வேண்டும். எட்டு மாசமாக அவன் கை அப்படித்தான். இரண்டு கையும் ஒரே பக்கம். கண் மீட்டரில், காலைத் தேய்த்துக்கொண்டு, இரண்டு கையையும் இடப்பக்கம் திருப்பினான். இரண்டும் குறைந்தன. ஒன்றின் கனத்தை இன்னொன்று வாங்கவில்லை. வாங்கவில்லை என்றதும் இன்னும் கொஞ்சம் திருப்பினான். காலடியில் எஞ்சின் சத்தம் தளர்ந்தது. விளக்கு மங்கியது. நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் எல்லாம் அணைந்துவிட்டது.

மேல்தளத்தில் அவசர ஜெனரேட்டர் ஒன்று உண்டு, தானாகக் கிளம்பும். முக்கால் நிமிஷம் ஆகும். முக்கால் நிமிஷம் சுக்கான் செத்துக் கிடந்தது, மெயின் எஞ்சினும் நின்றுபோனது. வாய்க்காலுக்குள் முக்கால் நிமிஷம் என்றால் என்ன என்று பைலட்டைத்தான் கேட்க வேண்டும். கப்பல் பாதையை விட்டு விலகி மூக்கைச் சேற்றில் செருகிக்கொண்டது. மூன்று இழுவைப் படகு வந்து இழுத்தது. துறைமுகத்தையே இரவு வரைக்கும் மூடிவைத்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த மட்டில் ஆண்டவன் புண்ணியம்.

என்ன? நான் எப்படிப் பார்த்தேனா? பார்த்தேன் என்று சொன்னேனா? சொன்னார்கள். எல்லோரும் சொன்னார்கள். ஒரு கப்பலில் இருபத்திரண்டு பேர், எதுவும் ஒளியாது. காலைத் தேய்த்ததையுமா சொன்னார்கள் என்றால்... அது அவன் எப்போதும் செய்கிறதுதானே, நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

இருங்கள். கதவு. அவன்தான்.

*

பார்த்தீர்களா. உயரமான பையன் இல்லையா. சட்டை நன்றாக இஸ்திரி போட்டிருந்தான். என்னிடம் பேச மாட்டான் என்றுதான் நினைத்தேன், நேராக இங்கே வந்துவிட்டான். குனிந்து பேசினான், உங்களுக்குக் கேட்டிருக்காது.

கேட்டதா? கேட்டதென்றால் நான் எதற்கு மறைக்க.

"அண்ணாச்சி, பக்கத்துல யாரு நின்னான்னு கேட்டாவ. கவனிக்கலன்னு சொல்லிட்டேன். நீங்க நின்னத நீங்களே சொல்லிக்கிடுங்க. அது என் வாயால வேண்டாம்." இவ்வளவும் சொல்லிவிட்டு, என் சட்டைக் காலர் மடிந்திருந்ததைச் சரிசெய்துவிட்டு, கீழ டீக்கடையில நிக்கேன், ஒரே பஸ்ஸுதான போகணும், சேந்தே போவோம் என்று போய்விட்டான்.

ஆமாம். நின்றேன். கண்ட்ரோல் ரூமில்தான் நின்றேன், அவன் முதுகுக்குப் பின்னால் மூன்றடியில். அதற்கு ஒரு காரணம் உண்டு, தப்பாக நினைக்கக்கூடாது. அவன் சுவிட்சைத் தொடுவான், முள் எதிர்ப்பக்கம் ஓடும், திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பான், அண்ணாச்சி, இது என்ன என்று கேட்பான். கேட்கத்தானே வேண்டும், வேறு யாரைக் கேட்பான்? அப்போது நான், அதுவா, நேராக்கிட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிடலாம். அவ்வளவுதான். முள் எதிர்ப்பக்கம் ஓடுவதில் ஒரு ஆபத்தும் இல்லை, இன்னும் சேர்க்காத எஞ்சின் எப்படி ஓடினால் என்ன? ஒரு சின்னத் திடுக்கிடல். கிரைண்டருக்கு அது போதும்.

ஆனால் முள் ஓடவில்லையே டீச்சர். தானாகப் பன்னிரண்டுக்கு வந்து நின்றுவிட்டது. ஏன் தெரியுமா? முந்தின தடவை அந்த எஞ்சினைப் பிரித்து நிறுத்தியவன் வேகத்தை அவ்வளவு துல்லியமாக வைத்துவிட்டு நிறுத்தியிருக்கிறான். நிறுத்தியவனும் அவன்தான். அவன் வேலை அப்படி. அரைகுறையாக வைத்துவிட்டுப் போகிறவனாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

பிரேக்கர் சேர்ந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அடுத்து இரண்டு கையும் எங்கே போகும் என்று. ஐந்து வினாடி இருந்தது. ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட ஐந்து வினாடி தாராளம். பதினோரு நாள் கூப்பிடாத பெயர், நாக்கில் வரவில்லை. கையாவது நீட்டியிருக்கலாம். அவன்தான் முதலில் பேச வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தவன், அப்படியே நின்றுவிட்டேன்.

இருட்டில் அவன் குரல் வந்தது. கத்தவில்லை. "அண்ணாச்சி, ரெண்ட நேராக்கிட்டியளா?" நான் பின்னால் நிற்பது அவனுக்கு முதலிலிருந்தே தெரியும் போல. "ம்" என்றேன். பதினோரு நாளில் நாங்கள் பேசிக்கொண்டது அதுதான்.

அதோ, கூப்பிடுகிறார்கள். சேர்மத்துரை, நான்தான் சார், வந்துவிட்டேன். டீச்சர், சொல்லிவிடுகிறேன். உள்ளே போனதும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுகிறேன், நின்றேன் என்று. தண்ணீர் பாட்டிலை இங்கே வைத்துவிட்டுப் போகலாமா?

*

இன்னும் உங்களைக் கூப்பிடவில்லையா? பன்னிரண்டு என்று சொன்னேன், ஒன்றாகப் போகிறது. இந்த ஆபீஸே அப்படித்தான்.

முடிந்தது. இருபது நிமிஷம்தான். அவனுக்கு இரண்டு மணி நேரம், எனக்கு இருபது நிமிஷம். நல்ல மனுஷர்கள். ஒரு வயசான கேப்டன், ஒரு எஞ்சினியர், டைப் அடிக்க ஒரு பெண். உட்காரச் சொன்னார்கள். தகவல் சொன்னாயா என்று கேட்டார் கேப்டன். சொன்னேன் சார், சீஃபிடம் சொன்னேன், பலகையில் எழுதினேன், டேப்பை எடுத்தேன் என்றேன். அந்தப் பெண் தட்டிக்கொண்டாள். வாயால் சொன்னாயா என்று அவர் கேட்கவில்லை டீச்சர். நீங்கள் கேட்டீர்கள், அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நின்றதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கவனிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இப்போது நான் போய், மூன்றடிக்குப் பின்னால் நின்றேன் என்றால் என்ன ஆகும்? மூன்றடியில் ஒரு முழு ஆள் நிற்பதைக் கவனிக்காதவன், எஞ்சினை எப்படிக் கவனிப்பான் என்று கேட்க மாட்டார்களா? அல்லது பொய் சொன்னான் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அவன் தலையில் இன்னொரு குற்றம். என் வாயால் அந்தப் பையனுக்கு இன்னொரு கெடுதல் வர வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கப்பல் உள்ளே போகிற நேரத்தில் உன் இடம் எது என்று கேட்டார். கீழே, ஜெனரேட்டர் பக்கம் சார் என்றேன். என் இடம் அதுதானே, படா சாப் பலகையில் எழுதினதும் அதுதான். பொய் இல்லை. நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

அவன் சர்டிபிகேட்டை இரண்டு வருஷம் நிறுத்திவைப்பார்கள் போலிருக்கிறது. அந்தப் பெண் பியூனிடம் சொன்னது காதில் விழுந்தது. இரண்டு வருஷம் என்ன, கண்ணை மூடித் திறந்தால் போய்விடும். முப்பத்தொன்றுதானே. அதற்குள் கரையில் ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் இருக்கலாம், கெட்டிக்காரன், எங்கேயும் பிழைத்துக்கொள்வான். எனக்கு இனிமேல் எங்கே?

ஏன் தாள்களைக் கட்டிவைக்கிறீர்கள்? கூப்பிட்டுவிட்டார்களா? இல்லையே, மூன்றாவது கதவு மூடித்தானே இருக்கிறது. அந்த பெஞ்சுக்கா? அது ஆடும் என்று சொன்னேனே.

சரி. உங்கள் இஷ்டம்.

இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் டீக்கடை தெரிகிறது. நிற்கிறான். வெயிலில்தான் நிற்கிறான், நிழல் இருந்தும். மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறான். கையில் ஒரு கிளாஸ். இன்னொரு கிளாஸை ஒரு தட்டு போட்டு மூடி மேஜையில் வைத்திருக்கிறான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் டீச்சர், தெரிந்தால் சொல்லுங்கள். இந்தக் கட்டடத்துக்குப் பின்பக்கம் இறங்க வேறு படி ஏதாவது இருக்கிறதா?